செட்டிநாட்டுப் பழைய வீட்டில் இரண்டு ராத்திரி தங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட இரண்டு பிள்ளைகள். ஜனவரியில் காரைக்குடிப் பக்கம் இரண்டு ராத்திரி. விருந்தினர் தங்குவதற்காக மாற்றிய பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்றில் தங்குவதா, இல்லை டவுனில் சாதாரண ஓட்டலில் ரூம் போட்டுக்கொண்டு பகலில் நாலு வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதா. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: போட்டோவில் கூடமெல்லாம் அரண்மனை மாதிரி இருக்கிறது, அறை மட்டும் இருட்டாக இருக்கிறதே, இதற்கா இவ்வளவு வாடகை என்று. உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

பழைய கட்டடங்களை மராமத்து பார்ப்பது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேலாகச் சுண்ணாம்பு வேலைதான், அதில் பாதி செட்டிநாட்டில். விருந்தினர் வீடாக மாறிய இரண்டு வீடுகளில் முதல் கரண்டிச் சாந்திலிருந்து கடைசிக் குழாய் வரை கூட இருந்திருக்கிறேன். நான் நகரத்தார் இல்லை, விடுதி நடத்தியதும் இல்லை. அதனால் சுவர், தரை, கூரை, ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) பற்றி நான் சொல்வதை அப்படியே நம்பலாம். குடும்ப வழக்கங்களைப் பற்றிச் சொல்வது அந்த வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டது. சாப்பாடு, உபசரிப்பு பற்றிச் சொல்வது உங்களைப் போல நானும் போய்ச் சாப்பிட்டவன் என்ற அளவில்தான்.

சரி, இருட்டு அறைக்கு வருவோம். அந்த அறைகள் ஆட்கள் படுத்துத் தூங்குவதற்காகக் கட்டப்பட்டவை கிடையாது. செட்டிநாட்டு வீட்டில் தெருவிலிருந்து உள்ளே போனால் முதலில் திண்ணையும் முகப்பும், அதைத் தாண்டி ஆட்கள் உட்காரும் பட்டாலை, அப்புறம் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவு, அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, கடைசியில் சமையல் நடக்கும் கட்டு, பெரிய வீடாக இருந்தால் கொல்லைக்கதவைத் திறந்து அடுத்த தெருவில் இறங்கிவிடலாம். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாணமானவனை ஒரு புள்ளி என்று கணக்கு வைப்பார்கள், அந்தப் புள்ளிக்கு ஒரு அறையும் அதற்குள்ளே இன்னொரு அறையுமாகக் கொடுப்பார்கள். அவற்றில் இருந்தது சீர் சாமான், பித்தளை அண்டா, பீங்கான், பட்டு, நகை, கணக்குப் புத்தகம். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் மகன்களை 'வேறு வைத்து'விடுவார்கள், அடுப்பும் தனி, வரவு செலவும் தனி. ஆக அந்த அறை என்பது ஒரு குடும்பத்தின் பெட்டகம். பெட்டகத்துக்கு ஜன்னல் எதற்கு? சுவர் தடிமனாக, கதவு கனமாக, வெளிச்சம் குறைவாக இருப்பதுதான் அதற்கு லட்சணம். ஆட்கள் புழங்கியதும் உட்கார்ந்ததும் பேசியதும் வெக்கை நாளில் பாய் விரித்துப் படுத்ததும் பட்டாலையிலும் வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்திலும்தான்.

இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கும் தெரியாமல் போகிறவர்களுக்கும் அனுபவம் தலைகீழாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஏசி போட்டு, டிவி எங்கே என்று தேடுபவர்களுக்கு அந்த வாடகை அநியாயமாகத்தான் தெரியும். அவர்கள் வாடகை கொடுத்தது வீட்டின் அலமாரிக்கு. ராத்திரி தூங்கவும் குளிக்கவும் மட்டும் அறையை வைத்துக்கொண்டு, காலைக் காப்பியை முகப்பிலும் மத்தியானத் தூக்கத்தை வளவுத் தாழ்வாரத்தில் ஒரு சாய்வு நாற்காலியிலும் வைத்துக்கொள்பவர்கள் மறுபடியும் வருகிறார்கள். அதனால் போன் செய்யும்போது அறை எத்தனை சதுர அடி என்று கேட்க வேண்டாம். வளவிலும் பட்டாலையிலும் நாங்கள் எந்த நேரமும் உட்காரலாமா, அல்லது அங்கே படப்பிடிப்பு, கல்யாண போட்டோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் வெளிக்கூட்டம் என்று ஏதாவது உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் பகல் முழுக்க வெளியாட்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், தங்கியிருப்பவர்கள் ரூமுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதாகிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு நீங்கள் போக வேண்டியதே இல்லை.

இந்த வீடுகளை மாற்றும்போது எங்களுக்குப் பெரிய தலைவலி கழிவறைதான். பழைய வீட்டுக்குள் கழிவறை கிடையாது, அது கொல்லைப் பக்கம், வீட்டை விட்டுத் தள்ளி. இன்று அறைக்குள்ளேயே குளியலறை இல்லாமல் யாரும் தங்க மாட்டார்கள். எனவே அந்த இரட்டை அறையில் உள்ளறையைக் குளியலறையாக்குவோம், அல்லது பக்கத்துப் பங்கையும் சேர்த்து நடுச்சுவரில் வழி விடுவோம். நூறு வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் பார்க்காத சுண்ணாம்புச் சுவருக்கு ஓரமாகத் தினமும் ஷவர் தண்ணீர் விழும். வேலை தெரிந்தவர்கள் சுவரைத் தொடாமல், தனியாக ஒரு மெல்லிய சுவர் எழுப்பி அதற்குள் குழாயை ஓட்டி, நடுவில் காற்று போக இடம் விடுவார்கள். அவசரக்காரர்கள் பழைய சுவரைக் கொத்திக் குழாயைப் புதைத்து மேலே சிமெண்ட் பூசிவிடுவார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள், உள்ளே போன ஈரம் மெதுவாக வெளியே வந்துவிடும். மேலே சிமெண்ட் போட்டு அடைத்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பக்கத்தில் எங்கே சுண்ணாம்பு இருக்கிறதோ அங்கே வந்து உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். அறைக்குள் நுழைந்ததும் குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தாலோ, கப்பென்று ஓத வாடை அடித்தாலோ, தயங்காமல் வேறு அறை கேளுங்கள். ஆஸ்துமா, இளைப்பு இருக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் அம்மாவைப் பற்றி. ஒரே தளத்தில் பரந்து கிடக்கும் வீடுகள்தான் பெரும்பாலும், ஆனாலும் ஏறி இறங்கும் இடங்கள் நிறைய. தெருவிலிருந்து திண்ணைக்குப் படி, முகப்பிலிருந்து பட்டாலைக்குப் படி, ஒவ்வொரு நிலைக்கும் கீழே ஒரு வாசற்படிக் கட்டை. நிலைக்கதவைத் தாண்டும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், உள்ளறைக் கதவுகளில் உயரமானவர்கள் தலையைக் குனிய வேண்டும். பகலில் பழகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் குளியலறை உள்ளறையில் இருக்கும், நடுவில் ஒரு வாசற்படி இருக்கும். அந்தப் படிக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு உண்டா என்று கேளுங்கள். மாடி அறை வேண்டவே வேண்டாம், மாடிப்படிகள் ஒடுக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் ஈரக்காலோடு நடக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து எடுப்பது அது, சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழுவழுப்புத்தான் அதன் முகத்தில் இறங்கியிருக்கிறது. மிதிபட மிதிபடப் பளபளப்பு கூடும். ஈரமானால் வழுக்கும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், என் தொழில் என்பதால் மட்டுமில்லை, வழிகாட்டிகள் சொல்வதில் எதை நம்புவது என்று அங்கே போனதும் உங்களுக்கும் குழப்பம் வரும். முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு உண்மை. நீற்றிய சுண்ணாம்பை அரைத்துச் சலித்துப் பல அடுக்காகப் பூசி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சாந்தில் சேர்த்து, கடைசி மெல்லிய பூச்சில் வெள்ளைக்கருவைக் கலந்து, வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்காகத் தேய்ப்பார்கள். நல்ல சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உள்ளங்கை வேண்டாம், எண்ணெய்க் கறை பிடிக்கும். மே மாத மத்தியானத்திலும் பீங்கான் தட்டைத் தொட்ட மாதிரி சில்லென்று இருக்கும், பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுந்த மாதிரி அதில் நீளமாகத் தெரியும். ஆனால் 'இந்த வீட்டுக்கு மட்டும் இத்தனை லட்சம் முட்டை' என்று யாராவது எண் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். முட்டை சேர்வது கடைசிப் பூச்சில் மட்டும்தான், சுவர் முழுக்க இல்லை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம், தூணையும் உத்தரத்தையும் பார்த்தாலே போதும், அந்தப் பருமனில் நேரான மரம் சும்மா வராது. சுவரில் பதித்த பூப்போட்ட ஓடுகளில் பல ஜப்பானிலிருந்து வந்தவை, கழன்று விழுந்த ஒன்றைத் திருப்பினால் முதுகில் ஊர் பெயர் அச்சாகியிருக்கும், அதைவிடச் சாட்சி வேண்டாம். கண்ணாடியெல்லாம் பெல்ஜியம், சலவைக்கல்லெல்லாம் இத்தாலி என்பது வீட்டுக்கு வீடு மாறும் பேச்சு, சீட்டோ கணக்கோ காட்டாத வரை 'அப்படிச் சொல்கிறார்கள்' என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பர்மா, இலங்கை, மலேயா போன்ற நாடுகளில் நடத்திய லேவாதேவியிலிருந்து. இன்று நாம் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் நெல்வயல்களில் கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது, அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை அது, வராத கடனுக்கு ஈடாக வந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது, பர்மாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகு அந்த நிலங்கள் அரசுடைமையாயின. வருமானம் நின்றது, வீடு நின்றுகொண்டே இருந்தது. செட்டிநாட்டில் ஒரு காலத்தில் 96 ஊர்கள் என்பார்கள், இன்று எழுபது சொச்சம். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தக் கிராமங்கள் சேர்ந்தன. உத்தேசப் பட்டியல் என்றால் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அர்த்தம் இல்லை, சில விளம்பரங்களில் அப்படிப் போட்டிருப்பார்கள்.

வீடு ஏன் விருந்தினர் விடுதியாகிறது என்பதற்கும் இதுதான் காரணம். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பது சாதாரணம். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில், ஒருத்தர் அமெரிக்காவில். ஓடு மாற்றச் செலவு வந்தால் யார் கொடுப்பது என்று பேசி முடிப்பதற்குள் இரண்டு மழை போய்விடும். கூரை ஒழுகி உத்தரம் இற்ற வீடு கடைசியில் பிரிக்கப்படும். தூணாக, நிலையாக, கதவாக அது காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்பதை நீங்களே முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்க்கலாம். நான் அளந்து படம் வரைந்து வைத்த ஒரு நிலையை, எட்டு மாதம் கழித்து விலைச்சீட்டோடு ஒரு கடையில் பார்த்தேன். அந்த நிலையில் செதுக்கிய கஜலட்சுமியின் இடது யானைத் தும்பிக்கையில் ஒரு சின்ன உடைப்பு இருக்கும், அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அந்த வீடு இருந்த இடம் இப்போது பொட்டல். அதனால் பங்காளிகள் ஒத்துப்போய் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டோ தாங்களே நடத்தியோ அதை உயிரோடு வைத்திருந்தால் நான் அதை வியாபாரம் என்று குறைத்துப் பேச மாட்டேன். நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதி ஓடு மாற்றப் போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? குடும்பத்தார் இன்னும் வந்து போகிறார்களா என்று கேளுங்கள். வீட்டைக் கைவிடாத குடும்பங்கள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் அங்கேதான் வருவார்கள். படைப்பு என்பது முன்னோர்களுக்கு அந்த வீட்டிலேயே செய்யும் வழிபாடு, அன்றைக்கு வெளியாட்களுக்கு இடம் கொடுக்க மாட்டார்கள். 'அந்தத் தேதியில் படைப்பு, ரூம் இல்லை' என்று ஒரு விடுதி சொன்னால் கோபப்படாதீர்கள், நல்ல வீடு என்று குறித்துவைத்துக்கொண்டு வேறு தேதி கேளுங்கள். நாங்கள் வேலை பார்த்த ஒரு வீட்டில் அப்படி ஒரு படைப்புக்கு எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் வந்தார். விருந்தினர் அறையாக மாற்றிக்கொண்டிருந்த ஓர் அறைக்குள் தடியை ஊன்றி நுழைந்தவர், கட்டிலையும் பார்க்கவில்லை, ஏசியையும் பார்க்கவில்லை, கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். அங்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு மாடக்குழி. "எங்க அப்பத்தா கொத்துச்சாவிய இங்கனதான் வைப்பாக, தம்பி" என்றார். அந்த மாடக்குழியை அடைத்து சுவிட்ச் போர்டு வைக்க அன்று காலைதான் கோடு கிழித்திருந்தோம், பென்சில் கோடு அவர் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. போர்டை மறுபக்கச் சுவருக்கு மாற்றினோம். இப்போது அறைச்சாவியை வைக்கும் இடமே அந்த மாடம்தான்.

சாப்பாட்டுக்கு நீளமாக எழுத எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும். ஊரெல்லாம் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டி மிளகாயைக் கொட்டிச் சமைக்கிறார்களே, அந்தக் காரம் அங்கே வீட்டுச் சாப்பாட்டில் இருக்காது. உங்கள் அப்பா அம்மாவுக்கு இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் தாராளமாக ஒத்துக்கொள்ளும், கவுனி அரிசி கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முன்கூட்டிச் சொன்னால்தான் செய்வார்கள், ஆட்களை எண்ணித்தான் உலை வைப்பார்கள்.

ஜனவரி நல்ல தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கம் வெயில் பொசுக்கும், முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே கிளம்பி வீட்டுக்குள் காற்றோட்டம் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் வெளியே கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழை முற்றத்தில் விழுவதைப் பார்க்கலாம், நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் இறங்கி முற்றத்துக் கல்லில் சேர்ந்து மூலையில் உள்ள துவாரம் வழியாக வெளியே போகும், அந்தக் காலத்தில் ஊருணிக்கே போகிற மாதிரி வாட்டம் வைத்திருந்தார்கள். எனக்கு அந்த வீடுகள் மிகவும் பிடித்த மாதங்கள் அவை. ஆனால் ஈரத் தரையும் அம்மாவின் முழங்காலும் சேரக் கூடாது, நீங்கள் ஜனவரியிலேயே போங்கள். இரண்டு கவனம்: பொங்கலை ஒட்டிக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும், தை மாதம் கல்யாண மாதமும்கூட, இடம் கிடைப்பது கஷ்டம். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து போகும் கூட்டம் சாலையில் இருக்கும், கார் மெதுவாகத்தான் போகும். கொசுவுக்கு வலை கேளுங்கள், முற்றம் திறந்திருக்கும் வீட்டில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அதன் ராஜ்யம்தான்.

சென்னையிலிருந்து வருவதானால் ரயிலில் காரைக்குடியில் இறங்குவது பெரியவர்களுக்குச் சுலபம், விமானம் என்றால் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், ஒன்றரை இரண்டு மணி நேரக் கார் பயணம். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒருநாள் காலையில் பிள்ளையார்பட்டி, திரும்பும் வழியில் ஆத்தங்குடியில் கல் வார்ப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்கும் அந்த ஒரு நொடிக்காகவே போகலாம். மறுநாள் கானாடுகாத்தான் தெருக்களில் காலை ஏழு மணிக்கு ஒரு நடை, அப்பாவால் முடிந்தவரை. மற்ற நேரமெல்லாம் வீட்டில்.

என் பதில்: அம்மா கையைப் பிடித்துக்கொண்டாவது நாலு படி ஏறி இறங்குவார் என்றால் இரண்டு ராத்திரியும் வீட்டிலேயே தங்குங்கள், ஒரு ராத்திரி போதாது, முதல் நாள் வாசற்படியில் இடித்துக்கொள்வதிலேயே போய்விடும். படியே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் டவுனில் லிஃப்ட் உள்ள ஓட்டலில் ரூம் போட்டு, முன்கூட்டிப் பேசி ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் விருந்தினர் வீடு ஒன்றுக்குப் போங்கள், சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் வளவில் உட்கார அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். போனில் பேசும்போது தரைத்தள அறை, வாசற்படி விளக்கு, குளியலறைச் சுவர் ஓதம், வளவில் வெளிக்கூட்டம், இந்த நாலையும் கேட்டு அவர்கள் சொல்லும் பதிலை இங்கேயே எழுதுங்கள். அறையின் போட்டோவையும், குறிப்பாகக் குளியலறைச் சுவரின் வெளிப்பக்கத்தையும், வாட்ஸ்அப்பில் வாங்கிப் போட்டால் சுவரைப் பார்த்து என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.